எட்டாயிரம் எழுத்தில் இடமில்லை

"இன்னாம்மா இது, போன லிஸ்ட்ல தொண்ணூத்தாறு நாளுன்னு போட்டீங்கோ. இந்த லிஸ்ட்ல எட்டு நாளுன்றீங்கோ. நடுவுல நான் செத்துப் பொயச்சு வந்தனா?"

ஜன்னலுக்கு வெளியே நின்று இப்படிக் கேட்டவன் ஏழுமலை. முகத்துவாரக்குப்பத்துக்காரன். முப்பது வயது, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் தொழிற்சாலையில் பதிலி ஆள். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நின்று வேலை செய்கிறவனைப் பதிலி என்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவனை நிரந்தரமாக்கியாக வேண்டும். யாருக்கு எத்தனை நாள் ஆயிற்று என்ற லிஸ்ட் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கேட்டில் ஒட்டப்படும். அந்த வருஷம் ஜனவரியிலிருந்து லிஸ்ட் அடிப்பது கம்ப்யூட்டர்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் நான். "ஏம்பா, மிஷின் பொய் சொல்லாது. நீ எங்கே போய்ப் படுத்துக் கிடந்தியோ, டைம் ஆபீஸ்ல போய்க் கேளு. எனக்கு இங்கே நிக்க நேரமில்லை" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.

அட்டையில் ஓட்டை போடுவதுதான் நான் நாலு வருஷம் பார்த்த உத்தியோகம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பஞ்ச் ஆபரேட்டர்கள் ஆறு பேர். ஒரு தபால் கார்டை இழுத்து நீளமாக்கினால் எப்படியோ அப்படி ஒரு அட்டை. டைப் அடிப்பதைப்போல விசையைத் தட்டினால் அட்டையில் எழுத்துக்குப் பதில் ஓட்டை விழும். மனிதருக்கு எழுத்து, மிஷினுக்கு ஓட்டை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் முட்டியில் ரூலரால் தட்டிச் சொல்லிக்கொடுத்த டைப்ரைட்டிங், நாற்பது வயதில் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது.

அதற்கு முன்னும் பின்னும் கல்மண்டபத்தில் குடும்பம் நடத்துகிறவள் நான். "என் மூக்குக்கண்ணாடி எங்கே", "சின்னவனுக்கு அம்மை குத்தினது எப்போ", "போன கிறிஸ்துமஸுக்குப் பெரியக்காவுக்கு என்ன எடுத்தோம்" என்று நாள் முழுக்கக் கேட்கப்பட்டு, அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்லும் சகோதரிகள் நாட்டில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வீடு ஒரு மிஷின் வரப்போகிறதாம். வருவதற்குமுன் அதன் சுபாவத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கறுப்புக் கடுகு

மிஷினுக்குப் புரோகிராம் எழுதிக்கொடுப்பவர் குருமூர்த்தி. கிண்டியில் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், நடக்கும்போதும் எண்ணிக்கொண்டே நடப்பார். நான் சேர்ந்த வாரம், பழுதாகிக் கழற்றிப் போட்டிருந்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம். அதில் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்கும். கம்பிகள் சந்திக்கிற இடத்திலெல்லாம் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வளையம். இதுதான் மிஷினுடைய ஞாபகம் என்றார். யாரோ பெண்கள் உட்கார்ந்து கையால் கோத்ததாம். கைத்தையல் வகுப்பில் மணி கோத்துக் கண் எரிந்தவள் என்பதால் அந்தப் பெண்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

"ஒரு வளையத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும், மேடம். ஆமாம், இல்லேன்னா இல்லை" என்றார். எங்கள் வீட்டில் இவருக்கும் அவ்வளவுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி வளையங்களைச் சேர்த்து எங்கள் மிஷினுக்கு மொத்தம் எட்டாயிரம் எழுத்து ஞாபகம் என்றார். எட்டாயிரம் என்றதும் நான் வாயைப் பிளந்தது உண்மை. அப்புறம் வீட்டில் பூசைப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஏழாவது பக்கத்தில் எட்டாயிரம் முடிந்துவிட்டது. ஏழு பக்க ஞாபகத்துக்கு ஒரு ஹால், இரண்டு ஏ.சி., செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் மரியாதை.

இது ஆரம்பம்தான் என்றார் குருமூர்த்தி. இன்னும் இருபது வருஷத்தில் டிரங்குப் பெட்டி அளவில் வீட்டுக்கு ஒன்று இருக்கும், அதற்கு எட்டு லட்சம் எழுத்து, அப்புறம் எண்பது லட்சம், வருஷா வருஷம் ஞாபகம் வளர்ந்துகொண்டே போகும், இடமில்லை என்கிற பேச்சே இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். என் பக்கத்து மேஜை ரோஸி அட்டையை மாற்றிக்கொண்டே கேட்டாள்: "எண்பது லட்சமா? கல்யாணமாகி வந்த மறுநாளு நான் ரசத்துல உப்பு போட மறந்தது எங்க மாமியாருக்குப் பதினோரு வருஷமா ஞாபகம் இருக்கு. அவங்களே போதும் சார், இன்னொண்ணு வேணாம்."

இருபது சமையல்

கம்பெனி டைரக்டர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு நாள் கம்ப்யூட்டர் பார்க்க வந்தார்கள். பட்டுப்புடவை ஏ.சி.க்கு ஆகாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். குருமூர்த்தி வழக்கம்போல வீட்டு மிஷினைப் பற்றி ஆரம்பித்தார். அதில் ஒரு அம்மாள், வயதானவர், நன்றாகக் கவனித்துக் கேட்டார். சமையல் குறிப்பெல்லாம் அதில் வைக்கலாமா என்றார்.

பேஷாக வைக்கலாம் என்று குருமூர்த்தி அங்கேயே கணக்குப் போட்டார். ஒரு சமையலுக்கு நானூறு எழுத்து. இப்போதுள்ள மிஷினில்கூட, வேறொன்றும் வைக்காமலிருந்தால், இருபது சமையல் வைக்கலாம். அந்த அம்மாள் மிஷினை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை பார்த்தார். "இருபதுதானா? எங்காத்து சமையல்காரருக்கு அறுபது தெரியும். அவர் சமையலறையில வேர்த்து வழிஞ்சுண்டு நிக்கறார், இதை எதுக்கு ஏ.சி.ல வெச்சிருக்கேள்?"

பூசணிக்காய்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் பக்கத்தில் லேத்து, பாய்லர், டிராலி வண்டி எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் கூடாது, குங்குமத் தூள் உள்ளே போனால் அட்டை படிக்காது என்று குருமூர்த்தி கதவை மறித்துக்கொண்டு நின்றார். அட்டெண்டர் எத்திராஜுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. மிஷினுக்குப் பொட்டு கிடையாது. ஆனால் வராந்தாவில் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொள்ளலாம். நான் சிலுவைபோட்டு வளர்ந்தவள், ஓரமாக நின்று பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டேன்.

உடைத்துவிட்டு உள்ளே வந்த எத்திராஜ் கையைத் துடைத்தபடி குருமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தார். "மிஷினுக்குச் சுத்திப் போட்டாச்சு சார். அதுக்கு எய்திக்குடுக்கிற ஆளுக்கும் ஒரு தபா சுத்தி ஒடைச்சா நல்லாருக்கும்."

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு

பூஜை முடிந்து ஒட்டிய லிஸ்ட்டோடு ஏழுமலை மறுபடியும் ஜன்னலுக்கு வந்தான். நடுவில் ஐந்து மாதம் அவன் வரவில்லை. முதல் தடவை நான் பேசின பேச்சு அப்படி.

"கோச்சுக்காதம்மா. போன தபா தொண்ணூத்தி ரெண்டு. இப்ப நாலு. டைம் ஆபீஸ்ல கேட்டா மிஷின கேளுன்றான். மிஷின கேட்டா நீ ஜன்னல சாத்திக்கினு பூட்ற. நான் ஒரு நாளு லீவு போடல. புள்ளைக்கு ஜொரம் வந்தப்பகூட வந்துகினுதான் இருந்தேன்."

இந்தத் தடவை நான் சாத்தவில்லை. தொண்ணூற்றாறு எட்டானது, தொண்ணூற்றிரண்டு நாலானது. இரண்டு தடவையும் நடுவில் பன்னிரண்டு நாள். சரியாக இரண்டு வாரத்தில் ஞாயிறு போக மீதி வேலை நாள். தொண்ணூற்றாறோடு பன்னிரண்டைக் கூட்டினால் நூற்றெட்டு. நூறைக் காணோம், எட்டு மட்டும் இருக்கிறது. என் விரலுக்குத் தெரிந்த விஷயம் அப்போதுதான் என் மண்டைக்கு ஏறிற்று. பதிலி ஆளின் கணக்கு அட்டையில் நாள் எண்ணிக்கைக்கு இரண்டே கட்டம்: முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும். இரண்டு கட்டத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் எழுத முடியாது. ஆயிரக்கணக்கில் நானே தட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

மே மாதம் ஒரு நூறு, இப்போது இன்னொரு நூறு காணாமல் போயிருந்தது; ஆகஸ்டில் தொழிற்சாலை மூடியிருந்த ஒரு மாதம் போக, அவனுக்கு உண்மையில் ஆகியிருந்தது இருநூற்று நாலு நாள். இன்னும் முப்பத்தாறு நாள் போனால் நிரந்தரம். அதை நான் சொன்னதும் அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "மே மாசமே நீ இத கண்டுகினு இருக்கலாம் இல்ல?"

தாண்டக் கூடாதவன்

குருமூர்த்தியிடம் போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை. நல்ல மனிதர்தான், எண்ணிக்கையில் மட்டும் நம்பிக்கை உள்ளவர். காகிதத்தை எடுத்து எனக்குக் கணக்குக் காட்டினார். பதிலிகள் நானூற்று எண்பது பேர். ஆளுக்கு டோக்கன் நம்பர் நாலு எழுத்து, டிபார்ட்மென்ட் இரண்டு, நாள் இரண்டு, ஆக எட்டு. மிஷின் என்ன செய்யவேண்டும் என்கிற கட்டளைகளும் அதே எட்டாயிரத்துக்குள்தான் குடித்தனம் செய்தாக வேண்டும். எல்லாம் போக மீதி அறுபது எழுத்து. நாளுக்கு மூன்றாவது கட்டம் வேண்டுமென்றால் நானூற்று எண்பது எழுத்து வேண்டும். "எங்கே போறது, மேடம்?"

டிபார்ட்மென்ட்டை எடுத்துவிடுங்கள், பதிலி ஆளுக்கு ஏது டிபார்ட்மென்ட், இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்றேன். அது ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கிற பர்சனல் ஆபீசர் கேட்டு வாங்கினது, எடுக்க முடியாது என்றார். ஆரம்பத்திலேயே மூன்று கட்டம் வைக்கத் தோன்றவில்லையா, இருநூற்று நாற்பது என்கிற எண்ணுக்கு மூன்று எழுத்து என்பது என் சின்னவனுக்குத் தெரியும் என்றேன். குருமூர்த்தி பேனாவை மூடினார். பதிலி ஆள் யாரும் தொண்ணூறைத் தாண்டமாட்டார்கள், அதற்குள் நிறுத்திவிடுவோம், இரண்டு எழுத்தே தாராளம் என்று பர்சனல் ஆபீசர் எழுதியே கொடுத்தாராம். பாய்லர் பிரிவில் ஒரு நிரந்தரத் தொழிலாளி பஸ்ஸிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்வார், அவர் இடத்தில் ஏழுமலை வருஷம் முழுக்க நிற்பான், அவனை நிறுத்த எல்லோரும் மறந்துபோவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ தாண்டினவன் கதி?" என்றேன்.

குருமூர்த்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் தாண்டியிருக்கக் கூடாது, மேடம்."

மளிகைச் சாமானுக்குப் பின்புறம்

பர்சனல் ஆபீசர் மிகவும் மரியாதையானவர். என்னை உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டர் முப்பத்தொரு நாள் என்று சொல்கிறதா, நீங்கள் இருநூற்று முப்பத்தொன்று என்கிறீர்களா, சரி, ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார். நான் அவரைப் பிடிப்பதற்குள் நவம்பர் பாதி ஆகியிருந்தது. அன்றைக்கே ஏழுமலைக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாள். யூனியனில் விசாரித்தேன். அது நிரந்தர ஆட்களுடைய யூனியனாம்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? கேட்டில் புது லிஸ்ட் ஒட்டும்போது பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மிஷின் வந்த பிறகு டைம் ஆபீசில் நோட்டுப் புத்தகமே கிடையாது. தினப்படி வந்தவர்கள் சீட்டு எங்களிடம் வரும். நாங்கள் ஆளுக்கொரு அட்டை தட்டுவோம். மிஷின் அதைக் கூட்டி எடுத்துக்கொண்டதும் சீட்டு பாய்லருக்குப் போய்விடும், அட்டை எங்களுக்கு. எங்களுக்கு என்றால் எங்கள் வீட்டுக்கு. கெட்டியான அட்டை, ஒரு பக்கம் எழுத வாகாக இருக்கும், யாருக்குத்தான் தூக்கிப்போட மனம் வரும்? என் சமையலறைக் கம்பியில் ஒரு வருஷத்து மளிகை லிஸ்ட் முழுக்க இந்த அட்டைதான். ரோஸியின் பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடினார்கள். மற்ற நாலு பெண்கள் வீட்டிலும் இதே கதை.

அன்று மாலை கம்பியை அப்படியே உருவித் தரையில் கொட்டினேன். எண்ணை ஓட்டையில் படிப்பது கஷ்டமில்லை, எந்த வரிசையில் ஓட்டையோ அதுதான் எண். அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி ஏழுமலையின் டோக்கன் நம்பரைத் தேடினேன். துவரம்பருப்பு இரண்டு படி, பின்புறம் மார்ச் பன்னிரண்டு, ஏழுமலை. புளி, மிளகாய், கறுப்பு நூல்கண்டு, பின்புறம் ஜூலை நாலு, ஏழுமலை. என் வீட்டில் இருபத்தாறு நாள் அகப்பட்டது. ஒரு வாரத்தில் ஆறு வீட்டையும் புரட்டினோம். ஒரு பெரிய கட்டு வண்ணாரப்பேட்டையில் ரோஸியின் தங்கை துணி தைக்கக் கொடுக்கும் டெய்லரிடம் போயிருந்தது. நானும் ஏழுமலையும் போனோம். டெய்லர் அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"கொடுத்துடறேன், இன்னா இப்ப. ஒவ்வொண்ணுலயும் ஒரு அம்மாவோட ஜாக்கெட் அளவு எய்திவெச்சுக்கீறேன். அட்ட போச்சுன்னா நாளைக்கு நூறு பொம்பளைங்க வந்து நின்னு என்ன கிழி கிழின்னு கிழிப்பாங்க. உன் நாளு பெர்சா, அவங்க கழுத்து பெர்சா, நீயே சொல்லு நைனா."

நூற்று நாற்பத்து மூன்று

கழுத்தையும் தோளையும் சிகரெட் அட்டையில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு டெய்லரிடமிருந்து மீட்டோம். நகல் எடுத்தது ஏழுமலை. கையெழுத்து நன்றாக இருந்தது. எட்டாவதுவரை படித்தவனாம். எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று அட்டை. நூற்று நாற்பத்து மூன்றும் வெவ்வேறு தேதி. மிஷின் முப்பத்தொன்று என்று சொன்னது தப்பு என்று காட்ட இது போதாதா? தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி, எடுத்துக்கொண்டு போனேன். பர்சனல் ஆபீசர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மளிகை லிஸ்ட்டையும் படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு சிரித்த முகமாகச் சொன்னார்: "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க, மிஸ்ஸஸ் ஜோசப். நூத்தி நாப்பத்து மூணு நாள் நிரூபணமாயிடுத்து. மீதி எண்பத்தெட்டுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

பதினாறாயிரம்

ஜனவரி தாண்டினால் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துவிடும். பன்னிரண்டு மாதத்துக்குள் என்பதுதானே சட்டம். தாண்டிற்று, கழிந்தது. ஏழுமலை காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போனான். பாய்லர்க்காரர் கால் சேர்ந்து திரும்பி வந்தார்.

பிப்ரவரியில் எங்கள் மிஷினுக்குப் புது ஞாபகம் வந்து இறங்கிற்று. இரும்பு பீரோ உயரம் ஒரு பெட்டி. எட்டாயிரம் பதினாறாயிரமாயிற்று. குருமூர்த்திக்குக் குழந்தை பிறந்த மாதிரி முகம். மிட்டாய்கூடக் கொடுத்தார். நான் மிட்டாயை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, இப்போது மூன்றாவது கட்டம் போடலாம் அல்லவா, நானூற்று எண்பதுதானே கேட்கிறேன், எட்டாயிரம் காலியாக இருக்கிறதே என்றேன். அட்டையில்கூட முப்பத்து மூன்றாவது கட்டம் சும்மாதான் கிடக்கிறது. போடலாம், தாராளமாகப் போடலாம், பர்சனல் ஆபீசர் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும் என்றார்.

எழுதிக்கொடுத்தார், வேறு வரிகளை. மூன்று மாதத்தில் நான் தட்டிய புது அட்டைகளைச் சொல்கிறேன். டைரக்டர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் வாழ்த்து அனுப்ப ஒரு ஜாபிதா, அதில் பெயர், பட்டம், மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்தநாள். விருந்தினர் விடுதியில் எத்தனை தலையணை உறை, என்ன நிறம். ஆபீசர்கள் கிளப்பில் யார் யாரோடு பாட்மிண்டன். ஒரு டைரக்டர் பெண்ணுடைய நாய்க்குக்கூடப் பிறந்தநாள் இருந்தது. அதற்கு வருஷம், மாதம், தேதி என்று ஆறு கட்டம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பரண் இருக்கிறதா? புதுசாகப் பரண் கட்டினபோது எவ்வளவு நாள் அது காலியாக இருந்தது? வீட்டு மிஷினுக்கு எட்டு லட்சம் ஞாபகம் வந்தாலும், எண்பது லட்சம் வந்தாலும், அதிலும் இடமில்லை என்கிற நாள் வரும். அன்றைக்கு எதை எடுப்பது என்று கேள்வி வரும்போது, வாய் திறக்காத ஆளுடையது எதுவோ அதுதான் முதலில் வெளியே வரும். குருமூர்த்தியிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்துப் பதில் சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்: "இடம் என் கையில வந்துது மேடம், கேக்கறவங்க முந்திண்டுட்டாங்க."

வாசலில்

என்னுடைய கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் முடிந்தது. இப்போது கல்மண்டபத்தில் பழையபடி மூக்குக்கண்ணாடி உத்தியோகம். ஏழுமலை எப்போதாவது மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகிற வழியில் எட்டிப்பார்க்கிறான். தொழிற்சாலையில் இன்னும் அவனைப் பதிலிக்குக் கூப்பிடுகிறார்கள். இப்போது மறக்காமல் தொண்ணூறில் நிறுத்திவிடுகிறார்கள். மே மாதம் நான் சாத்தின ஜன்னலைப் பற்றி அவன் மறுபடி பேசியதில்லை. நான் பேசிப் பார்த்தேன். வுடும்மா என்றுவிட்டான்.

போன வாரம் வந்தபோது, வீட்டுக்கு வீடு வரப்போகிற மிஷினைப் பற்றி என் வீட்டுக்காரர் பேப்பரில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய எண்ணாகச் சொன்னார். ஏழுமலை காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டான். "அம்மாம் பெர்சா வந்தா நல்லதுதான் சார். எங்கூட்டுக்கு ஒண்ணு வந்துச்சுன்னா, என் நாள நானே அதுல போட்டு வெச்சுக்குவேன். ஆனா அத கேட்ல ஒட்றது யாரு?"

அவன் போனதும் பர்சனல் ஆபீசருக்கு என் நாலாவது கடிதத்தை எழுதினேன், முதல் மூன்றுக்கும் பதில் இல்லாததால் இதில் மரியாதையைக் கொஞ்சம் கூட்டி, "ஐயா, நாயின் பிறந்தநாள் போக மீதி உள்ள இடத்தில், முப்பத்து மூன்றாவது கட்டத்தைப் பதிலி ஆட்களுக்குக் கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று.